பள்ளி கொண்ட புழு

எங்கள் அடுக்ககத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் பெண், வங்கியில் வேலை பார்ப்பவர், போன வாரம் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். துளசித் தொட்டியின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில், விரல் மொத்தத்துக்கு ஒரு புழு. வாலில் குட்டையாக ஒரு கொம்பு. படம் எடுத்துக் காட்டினால் பூச்சியின் பெயரைச் சொல்லிவிடுகிற வசதி இப்போது போனிலேயே வந்துவிட்டதாம். சொல்லியும் இருந்தது. ஆனால் பெயரைச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே “இதுவாக இருக்கலாம்” என்று ஒரு வரியைப் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்ணே ஒரு அடி பின்னால் போய்விட்டார். துளசியைத் தின்றுவிடுமா, மருந்து அடிக்கலாமா என்று கேட்டார். தின்னாது, அடிக்காதீர்கள் என்றேன். அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள் என்றார். வாசற்படியில் நின்று சொல்லி முடிக்கிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

நான் மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கோயம்புத்தூரில் சில மாதம் பயிற்சி கொடுத்து, திருச்சியில் பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் உதவியாளராகப் போட்டார்கள். அலுவலகம் தென்னூரில் ஒரு வாடகை வீடு. கூடத்தில் இரண்டு மேசை, பின்கட்டில் மருந்து மூட்டை, சமையலறையில் புழு வளர்க்கும் பெட்டிகள். அந்த வீட்டில் கடைசி வரை யாரும் சமைத்ததில்லை. ஆனால் மூன்று வேளையும் இலை போட்டுப் பரிமாறியிருக்கிறோம், புழுக்களுக்கு.

என் அதிகாரி சவரிமுத்து சார் பாலக்கரைக்காரர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பட்டம் வாங்கியவர் என்பதால், நான் சேர்ந்து சில வருஷம் கழித்து நேராக அதிகாரியாக வந்துவிட்டார். இந்தச் சின்னப் பையனிடமா கைகட்டி நிற்பது என்று முதல் மாதம் எனக்கு உள்ளுக்குள் புகைச்சல்தான். பிறகு அது போய்விட்டது. அவர் யாரையும் கைகட்டி நிற்க விடவே மாட்டார். கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து, எச்சத்தை எண்ணச் சொல்லிவிடுவார்.

சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். பேச்சு குறைவு. எதைக் கேட்டாலும் “இருக்கலாம்” என்பார். இது என்ன புழு சார்? கொம்புப் புழுவா இருக்கலாம். இன்றைக்கு மழை வருமா? இருக்கலாம். அலுவலகத்தில் அவருக்கு “இருக்கலாம் சார்” என்றே பெயர். அது அவருக்கும் தெரியும். அந்துப்பூச்சி கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, சிறகை விரித்து உட்கார்ந்து, அதைக் கண்ணால் பார்த்தால் ஒழிய எந்தப் புழுவுக்கும் அவர் உறுதியாகப் பெயர் சொன்னதில்லை. புழுவில் பாதி பொய் இருக்கிறது, சிறகில்தான் முழு நிஜமும் இருக்கிறது என்பது அவர் கட்சி.

ஜனங்கள் புழுவைக் கொண்டுவருகிற அழகு இருக்கிறதே! தீப்பெட்டியில், டிபன் பாக்ஸில், வெற்றிலைப் பெட்டியில், ஒருவர் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டில்கூடக் கொண்டுவந்தார். செருப்பால் நசுக்கிவிட்டுக் காகிதத்தில் மடித்துவந்து “இது என்னங்க?” என்று கேட்பவர்களைக் கண்டால் மட்டும் எனக்கு ஆகாது. இது கூழுங்க என்று ஒருமுறை சொல்லி, சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சார் புழுவை முதலில் பார்க்க மாட்டார். கொண்டுவந்தவரைப் பார்ப்பார். எந்தச் செடியில் இருந்தது, இலையின் மேலேயா அடியிலேயா, நீங்கள் பார்த்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது என்று மூன்று கேள்வி. அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறப்பார். வால்கொம்பு நிமிர்ந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா, சொரசொரப்பா, வழவழப்பா என்று பார்ப்பார். பிறகு விலாவில் வரிசையாக இருக்கும் மூச்சுத் துளைகளின் நிறம். பிறகு எச்சம். கொம்புப் புழுவின் எச்சம் குட்டிப் பீப்பாய் மாதிரி இருக்கும், நீளவாக்கில் வரி ஓடும். செடிக்கடியில் அது கிடந்தால் புழு கண்ணில் படாவிட்டாலும் மேலே எங்கேயோ உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று பொருள். கடைசியாக, வளர்ப்பது. வலையடித்த மரப்பெட்டி, அடியில் ஈர மணல், அதன்மேல் காய்ந்த சருகு. தழைக் கொம்பைக் காலிப் பெனிசிலின் குப்பியில் தண்ணீர் ஊற்றிச் செருகி, வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். பஞ்சு வைக்க மறந்தால் புழு தண்ணீரில் இறங்கிச் செத்துவிடும். மற்ற எதற்கும் கோபப்படாத மனிதர், பஞ்சுக்கு மட்டும் கோபப்படுவார்.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்காரர், கிறீச் கிறீச் என்று கத்துகிற பூச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெளுத்த முகத்தோடு வந்தார். பட்டறை விளக்குக்கு வந்ததாம். முதுகில் மண்டையோடு போலக் குறி. வீட்டில் படுத்திருக்கும் அப்பாவுக்கு நாள் குறிக்க வந்த எமதூதன் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். சார் அதை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு, பட்டறைக்குப் பக்கத்தில் எள் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். போட்டிருந்தார்கள். இதன் புழு எள்ளுச் செடியைத் தின்று வளர்கிறது, பூச்சியைத் தொட்டால் இப்படித்தான் கத்தும், எமனுக்கும் இதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று விளக்கினார். எள்ளுக்கும் சாவுக்கும் ஏற்கெனவே சம்பந்தம் உண்டே சார் என்று நான் வாயை வைத்தேன். பட்டறைக்காரர் மறுபடி வெளுத்துவிட்டார். அவர் அப்பா அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் சில்லறை. நான் சொல்ல வந்தது அறுபதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதத்தில் ஸ்ரீரங்கத்தில் நடந்தது.

கொள்ளிடம் பக்கமாக ஒரு நந்தவனம். நந்தியாவட்டை, மல்லிகை, நடுவே பாத்தி பாத்தியாகத் துளசி. ஒரு குடும்ப அறக்கட்டளைக்குச் சொந்தமான இடம். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, தினமும் பெருமாளுக்கு மாலை கட்டி அனுப்பியவர் வேதவல்லி அம்மாள். அவர் கணவருக்கு வாதம் வந்து கை விழுந்துவிட்டதால் பூப் பறிப்பது, கட்டுவது, தண்ணீர் இறைப்பது எல்லாம் இந்த அம்மாள்தான். தோட்டத்து மூலையில் இருந்த ஓட்டு வீடுதான் அவர்கள் வீடு. பூவைக் கட்டும்போது மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோக மாட்டார். பெருமாள் முகர்வதற்கு முன்னால் நாம் முகரலாமா என்பார்.

அந்த மழைக்கு நந்தியாவட்டையில் கொம்புப் புழு இறங்கிவிட்டது. பச்சை உடம்பு. தலைக்குப் பின்னால் இரண்டு பெரிய நீலக் கண் போலப் புள்ளி. உண்மையில் அது கண் இல்லை, வேஷம். தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளை உப்பிக் காட்டும். பார்க்கிறவனுக்குக் குட்டிப் பாம்பு படம் எடுக்கிற மாதிரியே இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் பக்தர்கள் கண்ணுக்கு அது ஆதிசேஷன். பெருமாளுக்குப் படுக்கையாகக் கிடக்கிறவரே பூச்செடிக்கு வந்துவிட்டார் என்று தெருவெல்லாம் பேச்சு. சிலர் செடிக்கடியில் பால் ஊற்றினார்கள். அந்தப் பாலுக்கு எறும்பு வந்தது. சேஷன் இருக்கிற செடியில் பூப் பறிக்கலாமா என்று ஒரு கேள்வி கிளம்ப, வேதவல்லி அம்மாளின் கை நின்றுபோயிற்று.

தர்மகர்த்தா வக்கீல் ராகவாச்சாரியார் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. அவர் கண்ணில் பட்டது வேறு. துளசிப் பாத்தியில், பழுப்பு நிறத்தில் பெரிய புழுக்கள். துளசி இலைகளில் ஓட்டை. நந்தியாவட்டை போனால் வேறு பூ வாங்கிக்கொள்ளலாம், துளசியே போனால் அது என்ன நந்தவனம் என்றார். தோட்டம் முழுக்கப் பூச்சித் தூள் அடிக்க மேலிடத்தில் சொல்லி உத்தரவும் வாங்கிவிட்டார். தூள் அடித்த துளசி பெருமாளுக்கு ஆகாது. அப்புறம் மார்கழிக்குத் துளசியும் இல்லை, மாலையும் இல்லை. அந்த நிலத்தை வாழைக்கு விட்டுவிடுவது, வேதவல்லி குடும்பத்தைத் தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்வது என்பது அவர் முடிவு. கெட்ட மனிதர் இல்லை. கணக்குச் சரியாக வந்துவிட்டால் இரக்கத்துக்கு அதில் இடம் கிடையாது, அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் போய் இறங்கியபோது, தூள் அடிக்கும் கருவியோடு ஆட்கள் ஏற்கெனவே வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மேலிடத்து உத்தரவு சாருக்கும் தெரியும். அடித்துவிட்டுப் போயிருந்தால் ஒரு கேள்வி கிடையாது. அந்த நாளில் தூள் அடிப்பதுதான் பெருமை. எத்தனை இடத்தில் அடித்தோம் என்றுதான் கேட்பார்கள். அவர் என்னடா என்றால் துளசிப் பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“பழனியாண்டி, எச்சம் இருக்கான்னு பாருங்க.”

பார்த்தேன். நந்தியாவட்டைக்கு அடியில் பீப்பாய் பீப்பாயாகக் கொட்டிக் கிடந்தது. துளசிக்கு அடியில் ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல்நாள் நல்ல மழை. பாத்தியில் தண்ணீர் ஓடிய தடம் இருந்தது. அடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

வேதவல்லி அம்மாள் தூணோரமாக நின்றார். அழுது முடித்த முகம். சார் அவரிடம் தன் மூன்றாவது கேள்வியைக் கேட்டார். பழுப்புப் புழுவை நீங்கள் பார்த்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது?

“திருத்துழாய் அடியில பள்ளி கொண்டிருந்ததுங்கோ” என்றார் அம்மாள்.

திருத்துழாய் என்றால் துளசி என்று சாருக்குத் தெரியும். மற்றது புரியவில்லை. பால் ஊற்ற வந்திருந்த இன்னும் இரண்டு பெண்களிடமும் கேட்டார். அவர்களும் பள்ளி கொண்டிருந்தார் என்றே சொன்னார்கள். அவர்கள் மரியாதை ஒருபடி மேலே. பள்ளி கொள்வது பெருமாள்தானே, அவர் படுக்கையுமா பள்ளி கொள்ளும் என்றெல்லாம் அங்கே போய்க் கேட்க முடியாது. சார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அதென்னங்க, பள்ளி கொள்றது?”

“படுத்துத் தூங்குறதுங்க சார். பெருமாள் படுத்திருக்காரு இல்ல, அதுக்குச் சொல்ற வார்த்தை.”

“அப்ப, தின்னுச்சுன்னு யாருமே சொல்லல?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பச்சைப் புழுவைப் பற்றிப் பேசும்போது இதே பெண்கள் “அமுது செய்யறார்” என்றுதான் சொன்னார்கள், அதாவது சாப்பிடுகிறார் என்று. பழுப்புப் புழுவுக்கு மட்டும் பள்ளி. ஒரு வாய் தவறியும் மாற்றிச் சொல்லவில்லை. புழுவை ஆதிசேஷன் என்று நம்பியதில் அவர்கள் தவறியிருக்கலாம். ஆனால் பக்தியோடு பார்த்தவர்கள் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். வக்கீல் புழுவையும் ஓட்டையையும் பார்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். இவர்கள் புழுவை மட்டுமே பார்த்தார்கள்.

சார் எழுந்து தர்மகர்த்தாவிடம் போனார். பச்சையும் பழுப்பும் ஒரே புழு என்றார். நந்தியாவட்டையைத் தின்று வயிறு நிறைந்து வளர்ச்சி முடிந்ததும் பச்சை பழுப்பாக மாறிவிடும். பிறகு ஒரு இலையைக்கூடத் தொடாது. கூடு கட்ட மெத்தென்ற மண்ணும் சருகும் தேடி இறங்கி நடக்கும். இந்தத் தோட்டத்தில் மெத்தென்ற மண் துளசிப் பாத்தியில்தான் இருக்கிறது, அம்மா தினம் கொத்திவிடுவதால். இலையில் ஓட்டை போடுவது வேறு என்று சொல்லி, துளசியை இலேசாகத் தட்டினார். பச்சையாகக் குட்டி வெட்டுக்கிளிகள் நாலைந்து தெறித்தன.

வக்கீல் அவ்வளவு சுலபத்தில் விடுவாரா? இது நிச்சயமா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாரிடமிருந்து என்ன வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தை வந்தால் வாசலில் இருக்கும் ஆட்கள் உள்ளே வருவார்கள். வேதவல்லி அம்மாளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் பையில் கையை விட்டுக் கடலையை உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“தின்னாதுங்க. நிச்சயம்” என்றார். “பூச்சி வெளிய வர்ற வரைக்கும் பொறுங்க. நான் சொன்னது தப்பா இருந்தா நீங்க மேலிடத்துக்கு எழுதுங்க, பதில் நான் சொல்லிக்கறேன்.”

அன்றைக்கு ஒரு பழுப்புப் புழுவைப் பிடித்து, ஈர மணலும் சருகும் போட்ட பெட்டியில் விட்டோம். குப்பியில் துளசிக் கொத்து. பஞ்சை நானே இரண்டு முறை அழுத்தி வைத்தேன். பெட்டி பூக் கட்டும் கொட்டகையில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. மறுநாள் காலை போனால் துளசி அப்படியே இருக்கிறது, புழுவைக் காணோம். வலை மூடியபடியே இருக்கிறது. சேஷன் பாதாளத்துக்கு எழுந்தருளிவிட்டார் என்று அதற்குள் தெருவில் செய்தி. சார் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வது சரிதான், மண்ணுக்குள்தான் போயிருக்கிறது என்றார்.

தர்மகர்த்தா பார்த்தார். முதல்நாள் அதற்குப் பசியில்லாமல் இருந்திருக்கலாமே என்று வக்கீல் கேள்வி ஒன்றைப் போட்டார். ஆனாலும் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். பூச்சி வரட்டும், அப்புறம் பேசலாம் என்றார். வாழைக்கன்றுக்குச் சொல்லிவைத்ததை நிறுத்தவில்லை.

மார்கழி பிறந்தது. நந்தியாவட்டையிலிருந்து புழுக்களைக் கையாலேயே பொறுக்கினோம். கொல்லக் கூடாது என்று வேதவல்லி அம்மாள் ஒரே பிடிவாதம். கடைசியில் வேலியோரத்தில் இருந்த ஒரு செடியை அவற்றுக்கென்று ஒதுக்கிவிட்டார். பொறுக்கிய புழுக்களெல்லாம் அந்தச் செடிக்குப் போயின. மற்ற செடிகள் துளிர்த்தன. அவர் கை மறுபடி பூவுக்குப் போயிற்று. நான் அலுவலகம் போகும்முன் தினமும் ஸ்ரீரங்கம் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவேன். மணலில் ஒன்றும் அசையாது. செத்துத்தான் போய்விட்டதோ என்று எனக்குக் கிலி. சார் என்ன ஆயிற்று என்று கேட்கவே மாட்டார். ஆனால் அந்த நாட்களில் அவர் பையில் கடலை சீக்கிரம் தீர்ந்தது.

ஒரு சாயங்காலம் வேதவல்லி அம்மாள் ஆள் அனுப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். தர்மகர்த்தாவும் வந்திருந்தார். வலையைப் பிடித்துக்கொண்டு அது தொங்கியது. சுருங்கி வந்த சிறகு மெல்ல விரிந்துகொண்டிருந்தது. பச்சையில் எத்தனை பச்சை உண்டோ அத்தனையும் அதில் இருந்தது. நடுவில் வெளிர் ரோஜா நிறத்தில் அலை அலையாகக் கோடு. வாழ்நாளில் எத்தனையோ பூச்சி பார்த்தவன் நான். அன்றைக்குப் பார்த்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

“பச்சைப் பட்டு உடுத்திண்டு வந்திருக்கு” என்றார் வேதவல்லி அம்மாள்.

சார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “இதுதான்” என்றார். அலரியிலும் நந்தியாவட்டையிலும் வளர்கிற கொம்புப் புழுவின் பூச்சி, துளசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று தர்மகர்த்தாவைப் பார்த்துச் சொன்னார். அவரும் குனிந்து பார்த்தார். வக்கீல் அல்லவா, தோற்கும்போதும் ஒரு கேள்வி கையில் வைத்திருப்பார். இனி இது என்ன சாப்பிடும் என்று கேட்டார். பூவில் தேன் குடிக்கும், மல்லிகை மாதிரி சாயங்காலத்துப் பூக்களைத் தேடிப் போகும் என்றார் சார்.

தர்மகர்த்தா நிமிர்ந்தார். அப்படியானால் பூ எச்சிலாகிவிடாதா, எச்சில் பூவைப் பெருமாளுக்குச் சாத்துவது எப்படி என்றார்.

எங்கள் அலுவலகப் புத்தகம் எதிலும் இதற்குப் பதில் கிடையாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று நினைத்தேன். அதுவரை தர்மகர்த்தாவுக்கு எதிரே வாயே திறக்காத வேதவல்லி அம்மாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினார்.

“வண்டு வாய் வெச்ச பூவுக்கு எச்சில் தோஷம் இல்லைன்னுதானே ஸ்வாமி பெரியவாள்ளாம் சொல்லியிருக்கா? வண்டு கறுப்பு உடுத்திண்டு வந்தா ஒரு நியாயம், இது பச்சை உடுத்திண்டு வந்தா வேற நியாயமா?”

பூச்சி சிறகை ஒருமுறை உதறிக்கொண்டது. தர்மகர்த்தா அதையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

“ஏகாதசிக்கு மாலை பெரிசா இருக்கணும் வேதவல்லி. நார் இப்பவே ஊறப் போட்டுடு.”

அவ்வளவுதான். வாழையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. வேதவல்லி அம்மாள் நேரே வீட்டுக்குள் போய், கை விழுந்து படுத்திருந்த கணவரிடம் சொல்கிற குரல் எங்களுக்குக் கேட்டது. பிறகு நாரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வேலியோரத்துச் செடியில் அவர் இருந்தவரைக்கும் பூப் பறிக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அது அவாளோட செடி என்பாராம்.

நாங்கள் சைக்கிளை எடுத்தோம். திருவானைக்காவல் வரை வந்துவிட்டோம். ரோட்டோரத்தில் ஒரு டிபன் கடையில் விளக்கு எரிவது தெரிந்தது. சாயங்காலம் ஒன்றும் சாப்பிடாமல் ஓடிவந்தவர்கள் நாங்கள்.

“இவ்வளவு நேரத்துக்கு இட்லி இருக்குமா சார்?” என்று கேட்டேன்.

சவரிமுத்து சார் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அந்தக் கடையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இருக்கலாம்” என்றார்.